படம் சொன்ன மூன்று மாதம்

அன்புத் தம்பிக்கு உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது, அதனால் இருக்கிறோம் என்று போட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன் உன் அண்ணன் கட்டில் ஓரமாகத்தான் கிடக்கிறது. பக்கவாதத்தில் அவருக்கு வாயும் கைகாலும்தான் போயின, காது பாம்புக் காது. என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

ரெண்டு மாசம் முன்னால் நீ போனில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "அந்த மூளைப் படத்தை அனுப்புங்க அண்ணி. பேச்சு வராதுன்னா ஓடி வந்துடறேன். தானா வந்துடும்னா நான் எதுக்கு லீவு போடணும்?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

படத்தை நான் அனுப்பாததில் உனக்குக் கோபம் இருக்கும். நானே நம்பாததை உனக்கு எப்படி அனுப்புவேன்? ஆஸ்பத்திரியில் அவரைப் பெரிய குழாய் ஒன்றுக்குள் தள்ளினார்கள். சாவிக்கொத்தைக்கூட என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே காந்தமாம். நம்ம மோட்டாரில் இருக்கிற மாதிரியா என்று கேட்டேன், படம் எடுக்கிறவர் சிரித்தார். இருபத்தாறு வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள், எனக்குக் காந்தம் தெரியாதா? அந்தச் சிரிப்பிலேயே அந்த இடம் எனக்குப் பிடிக்காமல் போனது.

டாக்டரம்மா படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். ரத்தக்குழாய் அடைத்து மூளையில் செத்துப்போன இடம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். அதைச் சுற்றி மயங்கிக் கிடந்த இடத்துக்கு ரத்தம் திரும்பிவிட்டதாம். "இப்படிப் படம் இருக்கறவங்க நூறு பேர்ல எண்பது பேர் மூணு மாசத்துல பேசிடறாங்கம்மா" என்றார். மீதி இருபது பேர் எங்கே இருக்காங்க என்று கேட்டேன். அது யாரென்று படம் சொல்லாதாம். ஆளைச் சொல்லத் தெரியாத படம் நாளை மட்டும் எப்படித் தம்பி சொல்லும்?

கை வந்தது. கால் வந்தது. மூன்று மாதம் போய் நாலாவதும் பிறந்தது. பேச்சு இல்லை. பயிற்சி கொடுக்கிற பெண் குடைப் படம், நாற்காலிப் படம் என்று அட்டை அட்டையாகக் காட்டுவாள். இவர் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். எனக்கு வந்ததே ஆத்திரம்! நேரே போய், "வேற யாரு மண்டையையோ காட்டி ஏமாத்திட்டீங்க" என்று டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். படத்தின் மூலையில் இவர் பேரைக் காட்டினார். பேரை யாரும் எழுதலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், அந்தம்மா மோர் மாதிரி குளிர்ந்தவர்.

போன வாரம் மதியம். தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறேன், "ச்சீ, போ" என்று ஒரு குரல். பால் சட்டியில் தலை விட்ட பூனை ஜன்னல் வழியாகப் பாய்கிறது. அறையில் இவரைத் தவிர ஆளில்லை. கிட்டே போனால் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடுகிறார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி கிடக்கிறவனை எழுப்ப முடியுமா? அதுவரைக்கும் படத்தின் மேல் இருந்த சந்தேகம் அன்றைக்கு ஆள் மேல் திரும்பியது.

மறுநாள் மாவு மில்காரர் எரிந்துபோன மோட்டாரோடு வந்தார். இப்போது காயில் நான்தான் சுற்றுகிறேன். அந்த மோட்டாருக்கு நாற்பத்தெட்டுச் சுற்று. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கட்டில் பக்கமாக உட்கார்ந்து, "முப்பது சுத்து போதும்ணே" என்றேன் மில்காரரிடம் சத்தமாக. போர்வைக்குள் கால் ஆடியது. "இல்ல, இருபத்தஞ்சே தாராளம்" என்றேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார்! "நா... நாப்பத்தெட்டு... எரிஞ்சி... டும்டி மூதேவி!"

மற்றதெல்லாம் குழறல், மூதேவி மட்டும் சுத்தமாக வந்தது.

மில்காரரை அனுப்பிவிட்டு வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினேன். அவர் அழுதார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்: "அவன்கிட்ட... சொல்லாதே. நல்லாயிட்டேன்னா... வரமாட்டான்."

ஒன்பது வருஷமாயிற்று தம்பி நீ போய்.

எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு பொய்க்காரர் போதும். டாக்டரம்மா சொன்னது சரிதான், பேச்சு வந்துகொண்டிருக்கிறது. உன் கணக்குப்படி நீ லீவு போட வேண்டியதில்லை. பிழைத்து எழுந்த மனுஷனைப் பார்க்க வரக்கூடாது என்று எந்தப் படத்தில் போட்டிருக்கிறது?

வா. நீ வந்தால் வாயைத் திறக்காமல்தான் படுத்திருப்பார். நானும் உனக்கு ஒன்றும் சொல்லாதவள் மாதிரி இருப்பேன். நீயும் நம்பு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு நாள் நம்பு. மூன்றாம் நாள் உன்னைத் திட்டாமல் அவரால் இருக்க முடியாது.

வழித்துணை நல்லதாக அமைந்து, நீ முழுசாக வந்து சேர வேண்டும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அண்ணி