மலையை வலப்பக்கம் வைத்து ஓட்டிய கார்

இன்று காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மூட்டை பச்சை வேர்க்கடலை வந்தது. வருஷம் தவறாமல் பம்ப்செட் மோட்டாரைக் கருக்கிக்கொண்டு உங்களிடம் வருவாரே, அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். வழியில் டாங்க் மூடி நழுவிப் பெட்ரோல் சிந்தி, சாக்கின் ஒரு மூலை நனைந்துபோயிருந்தது. "மன்னிச்சுக்கோங்கம்மா, வேற மூட்டை எடுத்தாரேன்" என்றார். அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மண் ஒட்டிய கடலையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் காருக்குள் எப்போதும் இருந்த வாசனை அது. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டாலும் உங்களிடம் பேச எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் அசைந்து அசைந்து வரும் பெரிய கார்கள். கருகிப்போன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த நீங்கள் ஒரு நாள் மதராஸுக்குப் போய் ஒரு சிவப்புச் சின்னக் காரோடு வந்து நின்றீர்கள். அதற்கு டிக்கி என்று தனியாக எதுவும் இல்லை. பின்கண்ணாடியோடு சேர்ந்து ஒரே கதவாக மேலே தூக்கிக்கொள்ளும். சோழவரத்தில் கார் பந்தயம் ஓட்டிய யாரோ ஒருவர் அதன் எஞ்சினைக் குடைந்து, கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரைக் குழாய் மாதிரி ஆக்கி வைத்திருந்தார். வாசலில் நின்றபடியே அது உறுமியதைப் பார்த்து, "இதுல யாரு உக்காருவா?" என்று கேட்டேன். "நீதான்" என்றீர்கள், வெட்கமே இல்லாமல்.

உட்கார்ந்தேன். வேறு வழி? ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் அப்போது நம் வீட்டைச் சுற்றி மனைக்கற்கள்தான் அதிகம், வீடுகள் கம்மி. கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் உங்கள் வண்டியில்தான் போக வேண்டும். புடவையைச் சுருட்டிக்கொண்டு, ஏதோ கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி உட்கார வேண்டும். ரோட்டில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் என் முதுகெலும்பு அதைச் சொல்லிவிடும். ஒரு முறை அரைத்த இட்லி மாவைத் தூக்கில் எடுத்து வந்தேன். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் நீங்கள் மூன்றாவது கியர் போட்டதும் பாதி மாவு என் மடியில் இருந்தது. "மூடி சரியா போடலியா?" என்று கேட்டீர்களே ஒரு கேள்வி! அன்றைக்கு இரவு உங்களுக்கு உப்புமாதான்.

ஆனாலும் அந்த வண்டியை நீங்கள் அலமாரியில் வைத்துக் கும்பிடவில்லை. பின்சீட்டை மடக்கிப் போட்டு எண்ணெய் வடியும் மோட்டார்களை ஏற்றினீர்கள். கீழ்பென்னாத்தூருக்குப் போனால் கடலை மூட்டையோடு வந்தீர்கள். "இன்னா சார், காரு சின்னதா கீது, சத்தம் லாரி மாதிரி கீது" என்று அங்கே ஒரு பெரியவர் கேட்டதற்கு, அவரையே ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டினீர்கள். இறங்கியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நீங்கள் வீடு வந்து சேரும் வரை சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தக் காரைப் பொறுத்துக்கொண்டேன் என்று உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு நீங்கள் மாறினீர்கள்.

கடை செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில். காலையில் ஊருக்குள் புகுந்து கடைக்குப் போவீர்கள். மாலையில் அதே வழியாகத் திரும்புவீர்கள். திடீரென்று திரும்பும் வழியை மாற்றினீர்கள். அடி அண்ணாமலை வழியாக, மலையைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். காலையில் போவதும் மாலையில் வருவதும் சேர்ந்தால் தினமும் ஒரு முழு வலம். அதுவும் மெதுவாக. எதிர்வீட்டு அம்மாள்தான் முதலில் கவனித்தார். "உங்க வூட்டுக்காரரு காரு சத்தமே இப்பல்லாம் கேக்கறதில்லியே. தெனம் மலைய சுத்திட்டு வராராமே? அண்ணாமலையார் கூப்ட்டுட்டாரு பாருங்க" என்றார்.

நீங்களோ கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும்போது நீங்கள் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்காக நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. "ஏங்க, இன்னா திடீர்னு இந்த வழியில?" என்று கேட்டேன். "அங்க டிராஃபிக் கம்மி" என்றீர்கள். பக்தி வந்துவிட்டது, ஒத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாளே கோயிலுக்குப் போய் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன். இந்த ஊர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? மலையை ஒருவர் வலமாகச் சுற்றினால் அதற்கு ஒரே காரணம்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நான் முட்டாள் இல்லை. கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். பௌர்ணமியன்று மட்டும் காரை எடுக்க மாட்டீர்கள். ஜனங்கள் நடக்கிற பாதையில் இடைஞ்சல் செய்யக் கூடாது என்கிற நல்ல மனசு என்று அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டேன். விடியற்காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்பே கடைக்குக் கிளம்பினீர்கள். சுறுசுறுப்பு என்றேன். கடையில் உங்களோடு இருபது வருஷம் காயில் கட்டிய காதர் பாய் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் என்னிடம் அதைக் காட்டினார். முனை கரிக்கட்டையாக இருந்தது.

"இந்த வண்டி ஓடணும்மா. மெதுவா ஊர்ந்து போக வெச்சா கரி ஜாஸ்தியாயிடுது. சார் முன்ன மாதிரி மிதிக்கறதில்ல. கேட்டா வயசாச்சுன்றாரு" என்றார்.

உங்களுக்கு அப்போது நாற்பத்தெட்டு. காதர் பாய் கவலையோடு சொன்னதை நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். வேகம் அடங்கினால் மனசு அடங்கியதாக அர்த்தம் என்று அவருக்கு வியாக்கியானம் வேறு சொன்னேன். ஒரு கார் தன்னால் முடிந்த மட்டும் என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அந்தச் சாயங்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்கு வந்திருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு ஐந்தரை மணிக்குக் கிளம்பினீர்கள். அடி அண்ணாமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். மதகு வேலை. கையில் சிவப்புத் துணியோடு நின்ற ஆள், "வண்டி போவாது சார். நடக்கறவங்க மட்டும் ஓரமா போலாம். திருப்பிக்கோங்க" என்றார்.

நீங்கள் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். "எப்ப முடியும்?" என்று கேட்டீர்கள். "நாலு நாளாவும்" என்றார். அப்போதும் நகரவில்லை. மலையை இடமாகச் சுற்றக் கூடாது என்று தயங்குகிறீர்கள் என நினைத்து எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. "பரவால்லீங்க, திருப்புங்க. அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டாரு" என்றேன். இதைச் சொன்னவள் நான்தான்.

திருப்பினீர்கள். உங்கள் பக்கம் இருந்த மலை என் பக்கம் வந்தது. எதிரே கிரிவலம் வருகிறவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வளைவு தாண்டியதும் ஒரு குடும்பம் ரோட்டை அடைத்துக்கொண்டு, நேராக நமக்கு எதிரே. நன்றாகத் தெரிகிற தூரம். நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள் என்று காத்திருந்தேன். குறைக்கவில்லை. ஓரம் கட்டவும் இல்லை. நான் கத்தினேன். நீங்கள் மிதித்த மிதியில் கார் குலுங்கி நின்றது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அப்படியே உறைந்து நின்றாள்.

நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, "எத்தன பேரு?" என்று கேட்டீர்கள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

காரை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். வீட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். உங்கள் கை என் தோளில். வெட்டிய இடத்தை ஓரமாகத் தாண்டினோம். அதன் பிறகுதான் சொன்னீர்கள். சர்க்கரை கண்ணில் இறங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம். நடுவில் திட்டுத் திட்டாகக் கறுப்பாம். முகங்கள் போய்விட்டதாம். "எல்லாம் மங்கிடுச்சு. இவ்ளோ பெரிய மலை மட்டும் தெரிஞ்சுது. அது வலப்பக்கம் இருந்தா எந்த வளைவுல இருக்கேன்னு எனக்குத் தெரியும். நடக்கறவங்களும் அதே பக்கமா போறாங்க, எதுத்தாப்ல யாரும் வர்றதில்ல. அதான் அதப் புடிச்சிக்கிட்டு வந்தேன்" என்றீர்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கார புடுங்கிப்ப."

நடுரோட்டில் நின்று உங்களைத் திட்டினேன். அந்தக் குழந்தை செத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு நான்தான் உங்கள் கையை எடுத்து மறுபடி என் தோளில் வைத்துக்கொண்டேன்.

மதராஸில் கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த இரண்டு வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. காலையில் எழுந்து மலையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோலம் போட்டேன். அதற்கும் நீங்கள்தான் சமாதானம் சொன்னீர்கள். "அவரு இன்னா பண்ணாரு, பாவம். வழி காட்டிக்கினுதான இருந்தாரு." வாழ்நாளெல்லாம் மலையை 'அது' என்றவர் 'அவரு' என்றீர்கள். கிண்டலா நிஜமா என்று நான் கேட்கவில்லை. இன்று வரை அதற்கு விடை தெரியாது.

"வித்துடலாம்" என்று நீங்களே சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். நாற்பத்திரண்டு வயதில், அந்த முரட்டு வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதன் கிளட்ச்சை மிதிக்க ஒரு கால் போதாது. மெதுவாகப் போனால் திணறும், கொஞ்சம் அழுத்தினால் பாயும். காதர் பாய் நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாம் நாள் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். பிறகு நீங்கள் உட்கார்ந்தீர்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, "இப்ப மூணு போடு. பயப்படாத, அது கேக்குது பாரு" என்பீர்கள். காது உங்களுடையது, கண் என்னுடையது. நான் ரோட்டில் இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன். இடப்பக்கம் மாட்டு வண்டி, வைக்கோல் பாரம். எதிரே சைக்கிள். ஆட்கள் என்று சொன்னால் போதாது உங்களுக்கு. "எத்தன பேரு?" என்று கேட்பீர்கள். எண்ணிச் சொன்னால்தான் சீட்டில் சாய்வீர்கள். அப்படியே ஒன்பது வருஷம் அந்தக் காரை ஓட்டினேன். பிளக்கில் கரி பிடிக்கவே இல்லை என்று காதர் பாய் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். எட்டாவது வருஷம் மலையும் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினேன்.

நீங்கள் போன பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டி காதர் பாயின் மருமகனிடம் போயிற்று. எங்கே போனாலும் ஆட்டோதான் இப்போது. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னை இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு வண்டியை மெதுவாக்கி, "அம்மா, எனக்கு ரோடு நல்லாத் தெரியுது. நீங்க பயப்படாம உக்காருங்க" என்றார். ரோட்டில் வருவதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "சரிப்பா" என்று வாயை மூடிக்கொண்டேன். பெரிய தெரு திரும்பியதும், மஞ்சள் துணி கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் எதிரே வந்தது. பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

அஞ்சு பேருங்க. கைக்குழந்தையோட ஆறு.