நீனா வரமாட்டாளாம்

என் செல்லத் தம்பி செல்வினுக்கு,

நீ போய் ஆறு மாதமாகிறது. படிக்கப் போன சைபீரியாவிலேயே வேலை, கல்யாணம், வீடு என்று தங்கிவிட்டாய். மாரடைப்பும் அங்கேதான் வந்தது. உன்னைப் புதைத்த அன்று பனியில் மண் பாறையாய் இறுகிக் கிடந்ததாம். விறகு அடுக்கித் தீ மூட்டி, மண்ணை இளக்கிய பிறகுதான் குழி தோண்ட முடிந்ததாம். உன் பெண்டாட்டி நீனா போனில் சொன்னாள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அழுததைத் தவிர நான் உனக்கு என்ன செய்தேன்?

காட்டில் எங்கே தீ எரிகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற வனத்துறை வேலை உனக்கு. ஒருமுறை லீவுக்கு வந்தபோது, ஆள் இல்லாத காட்டில் பற்றினால் அணைக்கப் போகமாட்டோம், தானே எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிடுவோம் என்றாய். எனக்கு வந்த கோபம்!

“ஏலே, காடு எரியுதத பாத்துக்கிட்டுச் சம்பளமா வாங்குத?”

“அக்கா, அந்தக் காட்டுக்கு முடிவே கெடையாது, ரோடும் கெடையாது. எல்லாத் தீயையும் அணைக்க எங்ககிட்ட ஆளுமில்ல, விமானமுமில்ல. ஊர்ப் பக்கம் வந்தா மட்டும் விடமாட்டோம்.”

நம் மேற்கு மலையில் ஒரு கீற்றுப் புகை தெரிந்தாலே ஆட்கள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

காட்டை ஒட்டிய உங்கள் ஊரில் மிச்சமிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் பனி உருகியதும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். இப்போது நீனா மட்டும்தான். காட்டில் மறுபடியும் தீ. கொஞ்சம் தள்ளித்தான் எரிகிறது என்கிறாள். ஆனால் வீடியோவில் வானமே மங்கிக் கிடக்கிறது, பேச்சுக்கு நடுவே இருமுகிறாள். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, வந்துவிடு என்று தினமும் கெஞ்சினேன். திட்டியும் பார்த்தேன்.

போன வாரம், நீ சொல்லிக்கொடுத்த நம்ம ஊர்த் தமிழிலேயே பதில் சொன்னாள்.

“நான் வரமாட்டேன் மதினி. நான் இங்கன இருந்தாத்தான் இது ஊரு. நான் போயிட்டா ஆள் இல்லாத காடு. தீ வந்தா ஒருத்தரும் அணைக்க வரமாட்டாங்க. செல்வின் இங்கன படுத்திருக்கான்லா?”

உன்னை அவன் இவன் என்பதை அவள் இன்னும் விடவில்லை.

எந்தத் தீயை அணைப்பது, எதை விடுவது என்ற கணக்கைப் போட்டவர்களில் நீயும் ஒருவன்தானே? அதில் உயிரோடு இருப்பவர்களைத்தானே சேர்த்தீர்கள்? கல்லறையில் கிடப்பவர்களை யார் சேர்ப்பது? உன்மேல் கோபம் இல்லை, தம்பி. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விசாவுக்குக் கொடுத்துவிட்டேன். என் மகன் வீட்டில் குதிக்கிறான்.

“கோட்டியா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? புகையடிக்குத ஊருக்கு யாராவது போவாங்களாம்மா?”

அவன் சொல்வதும் நியாயம்தான். மாடிப்படி ஏறவே எனக்கு மூச்சு வாங்குகிறது. பயமாகவும் இருக்கிறது.

ஆனாலும் நீனாவை இனி இங்கே கூப்பிடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. நான் அங்கே வருகிறேன். இருமலுக்கு மருந்து வாங்க அவள் டவுனுக்குப் போகிற நாளிலும் உன் ஊரில் ஒரு ஆள் இருக்கும்.

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
எஸ்தர்