தையல் பிரிவு, இடமிருந்து வலமாக

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே நூலகக் குழுத் தலைவர் என் பொறுப்பில் இருக்கும் மாடி அறைக்கு வந்துவிட்டார், கையில் அளவு நாடாவோடு. ஒரு வணக்கம்கூட இல்லை, நேராகச் சுவரை அளக்கிறார்!

“இங்க இருபது கம்ப்யூட்டர் போடலாம் மேடம். இந்தப் பெட்டியெல்லாம் தலைமை நூலகத்துக் கிடங்குக்கு அனுப்பிடலாம். பத்திரமா இருக்கும்.”

பத்திரமா இருக்குமாம். அங்கே போன பெட்டியை யார் திறந்து பார்த்தார்கள்? மூடிப்போன குடைக் கம்பெனியின் படங்கள், கம்பி வளைக்கும் அச்சு, வேலைக்காரர்களின் அடையாள அட்டைகள் என்று வீடு வீடாக ஏறி இறங்கி நான் சேர்த்தவை. இந்தத் தெருக்களே அந்தக் கம்பெனியை நம்பி எழுந்தவைதானே! அவை இங்கே இல்லாமல் எங்கே இருக்க வேண்டும்?

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஒரு வாரம் கண்காட்சி வைக்கிறேன் சார். ஜனங்க வரலைன்னா நானே கட்டி அனுப்பிடறேன்” என்றேன். அவரும் உடனே “சரி” என்றுவிட்டார்.

இந்த வாயை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மார்ச் 8, ஞாயிறு

சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்பெனிப் படங்கள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது. விளக்குக்கு ஒயர் இழுத்துத் தருகிறார், கூடவே முணுமுணுப்பும் இலவசம். “சாப்பிட எங்க உட்கார்றது?” என்று கேட்டார். “நின்னுக்கிட்டே சாப்பிடுங்க, நல்லா செரிக்கும்” என்றேன்.

நாத்தனார் வெட்டி ஒட்ட வந்திருக்கிறாள். எங்கள் கண்காட்சியின் மணிமகுடம் தையல் பிரிவுப் படம். பதினொரு பெண்கள் ஒரே மாதிரி நீளக் கோட்டு, தலையில் துணி, கையில் கத்திரிக்கோல், வரிசையாக நிற்கிறார்கள். மற்றதெல்லாம் அச்சிட்ட படங்கள். இதற்கு மட்டும் பழைய நெகட்டிவ்தான் கிடைத்தது.

“அண்ணி, ஸ்கேன் பண்ணும்போது இதுல எந்தப் பக்கம் மேல இருக்கணும்?”

“பளபளன்னு இருக்கிற பக்கம்தான். இதுகூடவா தெரியாது?”

படம் அருமையாக வந்தது. வேறு ஊரில் மகன் வீட்டில் இருக்கும் பழைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அவர் வீட்டுச் சுவரிலும் இதே படம் மாட்டியிருக்கிறதாம். இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். நான் யார்? வேலையில் புலி.

மார்ச் 13, வெள்ளி

நாத்தனார் தையல் பிரிவுப் படத்தையும் பெயர்களையும் நோட்டீஸாக அடித்து மருந்துக் கடை, சலவைக் கடை, பேருந்து நிறுத்தம் என்று ஒரு சுவர் விடாமல் ஒட்டிவிட்டாள். அப்பாடா.

மார்ச் 16, திங்கள்

திறந்தாயிற்று. வந்தவர்கள்: காவலாளி, நாத்தனார், கழிப்பறை எங்கே என்று கேட்ட ஒருவர்.

மாலையில் தலைவர் வந்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். புரட்ட என்ன இருக்கிறது? ஒரே பக்கம். பிறகு தையல் பிரிவுப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 17, செவ்வாய்

இன்று கழிப்பறைக்காரர்கூட வரவில்லை.

மார்ச் 18, புதன்

ஐயோ, ஐயோ, ஐயோ.

பதினொரு மணிக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியிருப்பார். மூச்சு வாங்கினாலும் குரல் மட்டும் இறங்கவில்லை.

“யாருங்க இங்க பொறுப்பு? நீங்களா? இந்தாங்க, வலது பக்கத்திலிருந்து ரெண்டாவதா நிக்கறது நான்! கீழ யார் பேரைப் போட்டிருக்கீங்க?”

பெயரைப் படித்தேன். “இவங்க யாரும்மா?”

“என் சம்பந்தி! அவ மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒண்ணா? மருந்துக் கடையில என் மருமகன் சிரியா சிரிக்கிறாரு!”

கம்பெனியில் அவருக்குப் பட்டாசு என்று பட்டப்பெயராம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் சம்பந்திக்குப் போன் போட்டுவிட்டார். அந்த அம்மா ஆட்டோ பிடித்து வந்தார். அவர் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது. அவருக்குக் கீழே பட்டாசின் பெயர்.

“என்னைப் போய் இவதான்னு போட்டுட்டீங்களே!” என்று அவருக்கும் அதே கோபம். அப்புறம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் பெயர் தப்பு.

சூப்பர்வைசருக்கு மறதி வந்துவிட்டதா? இல்லை, எனக்குத்தான் காது போய்விட்டதா? மானம் கப்பலேறிவிட்டது. படத்தைக் கழற்றப் போனேன். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். “சும்மா இருங்க அண்ணி. மூணு நாள்ல இன்னைக்குத்தான் இந்த ரூம்ல மனுஷ வாடையே அடிக்குது.”

தூக்கம் வராது.

மார்ச் 19, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்று, மொத்தக் கணக்கில் ஏழாவதாகப் புகார் சொல்ல வந்தவரிடம், “சரியான பேரை எழுதிக் குடுங்கம்மா” என்று பேனாவை நீட்டினேன். வலது கையால் எழுதினார். படத்தைப் பார்த்தேன். கத்திரிக்கோல் இடது கையில் இருக்கிறது.

“நீங்க இடது கைப் பழக்கமா?”

“யாரு சொன்னா?”

பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தேன். இடது கை. அதற்கடுத்தவரும் இடது கை. பதினொரு பேருமே இடது கை! ஒரு கம்பெனியில் அத்தனை இடதுகைக்காரர்களை எங்கே போய்ப் பிடிப்பது? நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறோம். படமே இடம் வலமாக மாறிவிட்டது. சூப்பர்வைசர் சொன்னது அத்தனையும் சரி. புலிதான் பளபளப்பான பக்கத்தைக் காட்டிக் கோட்டை விட்டது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். மனுஷனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “ஏண்டி, பத்துப் பேரை ஒரே நாள்ல வேற ஆளா மாத்திட்டியே!” என்றார்.

பத்துப் பேர். ஆமாம், பதினொன்று இல்லை. எப்படித் திருப்பினாலும் நடுவில் நிற்பவர் நடுவிலேதான் நிற்பார். அவர் பெயர் மட்டும் சரி. அதனால்தான் அவர் புகார் சொல்ல வரவில்லை போலும். அல்லது... உயிரோடு இருக்கிறாரா?

மார்ச் 21, சனி

திருத்திய படத்தை மாட்டிவிட்டுப் பழையதை எடுக்கப் போனேன். பட்டாசு வெடித்தது. “அதுல கைய வெச்சீங்க, அவ்வளவுதான்! ரெண்டும் இருக்கட்டும். இந்தத் தப்பு இல்லேன்னா நாங்க யாரு வந்திருப்போம்?”

இரண்டும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. மாடியில் நிற்க இடமில்லை. வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. வீட்டில் இருக்கும் கம்பெனிக் குடையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். “இதையும் வெச்சுக்கோங்க, இந்தக் கைப்பிடி எங்கப்பா பொருத்தினது” என்று ஒருவர் கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் தலைவர் வந்தார். பதிவேட்டைத் தொடவே இல்லை. கூட்டம் குறைந்தபின் மெதுவாகக் கேட்டார்:

“மேடம், நடுவுல நிக்கறவங்களைப் பத்தி யாராவது தப்புன்னு சொன்னாங்களா?”

“இல்ல சார். அவங்க பேரு மட்டும்தான் சரியா இருந்துச்சு.”

“எங்க அக்கா” என்றார். “அவ குடை தெச்சுத்தான் என்னைப் படிக்க வெச்சா. முழங்கால் வலி, வெளியிலயே வர்றதில்ல. போன்ல படத்தைக் காட்டினேன். நாளைக்குக் கூட்டிட்டுப் போடாங்கறா.”

இத்தனை நாள் அளவு நாடாவோடு அலைந்த மனுஷனா இது! கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார்கள்! நாற்காலியில் உட்கார வைத்து என் வீட்டுக்காரரும் காவலாளியும் தூக்க, தலைவர் பின்னால் தாங்க, பட்டாசு முன்னால் நின்று “மெதுவா, மெதுவா” என்று கத்த, அக்கா ராணி மாதிரி மாடியேறினார்.

இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை அருகே கூப்பிட்டார்.

“ஏம்மா, எல்லாருக்கும் தப்பாப் போட்டிருக்க. எனக்கு மட்டும் ஏன் சரியாப் போட்ட? இவளுங்கல்லாம் வந்து சண்டை போட்டிருக்காளுங்க, எனக்குச் சண்டை போட ஒரு காரணம் வேண்டாமா?”

அறையே அதிர்ந்தது. பத்துப் பேரில் வர முடிந்த எட்டுப் பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். மற்ற இருவர் இப்போது இல்லை. அவர்கள் பெயரையும் அக்காதான் சத்தமாகச் சொன்னார்.

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். “கம்ப்யூட்டர் எங்கடா போடப் போற?”

“இங்கதான்க்கா... யோசிச்சுட்டு இருக்கேன்.”

“கீழ உடைஞ்ச நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கியே, அந்த ரூம் என்ன கோவிச்சுக்குமா?”

“சரிக்கா.”

அவ்வளவுதான். நான் ஏறக்குறைய மூன்று வாரம் தூக்கம் கெட்டு அலைந்த விஷயம், ஒரு “சரிக்கா”வில் முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் நாத்தனாரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். “எந்தப் பக்கம் அண்ணி, பளபளப்பான பக்கமா?” என்கிறாள் அந்தக் கழுதை.

ஜூன் 10, புதன்

நல்ல மழை. மாலை நூலகத்தை மூடும்போது கொட்டுகிறது. காலையில் வெயிலை நம்பிக் கையை வீசிக்கொண்டு போயிருந்தேன். மாடியில் சுவர் ஓரமாக நாற்பது குடைக்குக் குறையாமல் அடுக்கியிருக்கிறது. அதில் ஒன்றை, கறுப்பு, மரக் கைப்பிடி, மெல்ல எடுத்தேன்.

பின்னால் தலைவரின் குரல். “மேடம், அதுல பதிவு எண் கட்டியிருக்கு.”

“வீட்டுக்குப் போற வரைக்கும்தான் சார்.”

“ஆவணத்தை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. அப்படின்னு போர்டு எழுதி மாட்டினது நீங்கதானே?” என்று குடையை வாங்கி, துணியால் ஒரு துடை துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துகொண்டே பேருந்து நிறுத்தம் வரை ஓடினோம்.