எழிலரசனின் வலது கை

ஜனவரி 30
அன்புராஜுக்குக் கணக்கில் நாற்பத்தொன்று! போன தடவை ஒன்பது வாங்கிய தடிமாடு. ஊர்ப் பையனையும் காலனிப் பையனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்ததற்கு ஸ்டாஃப் ரூமில் முணுமுணுத்தவர்கள் இப்போது வாயைத் திறக்கட்டும். சொல்லிக்கொடுத்தது எழிலரசன். எனக்கில்லாத பொறுமை அவனுக்கு.

பிப்ரவரி 6
சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது. "லீவை வீணாக்காதீங்கடா. எழிலு, அவன் வூட்டுக்கே போய்ச் சொல்லிக்குடு" என்றேன்.
"அவுங்க வூட்டுக்கா, மிஸ்?"
"ஏன், அங்க புலியா இருக்கு?"

பிப்ரவரி 8
புலிதான் இருந்திருக்கிறது.

அன்புராஜின் அப்பா வைத்தியலிங்கத்துக்குத் தவளக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை. சாப்பிட வந்தவர், கூடத்துச் சோபாவில் எழிலரசனைப் பார்த்திருக்கிறார். மகள் யாமினி அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். ஷட்டர் இழுக்கிற கம்பியால் அடித்திருக்கிறார். தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்திருக்கிறான் பாவி. வலது கை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

அன்புராஜ்? சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றானாம்.

ஆஸ்பத்திரியில் எழிலின் அம்மா தனக்கொடி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நீதானம்மா அனுப்புன! பரீட்ச எழுதுற கையாச்சே!" அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 9
ஹெட்மாஸ்டர் பிரிட்டோ சொல்கிறார்: "ஸ்கூலுக்கு வெளிய நடந்தது, மேடம். நாம தலையிட முடியாது." கேட்டுக்கு வெளியே நடப்பது நமக்கில்லை என்றால், உள்ளே இத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தோம்? அவர் மேசையிலிருந்த உலக உருண்டையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நசுங்கியது. ஆத்திரம் அடங்கவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். ஆள் தலைமறைவாம். கடை திறந்துதான் இருக்கிறது!

பிப்ரவரி 11
எழிலரசன் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைக்க அனுமதி வந்துவிட்டது. கீழ் வகுப்புப் பிள்ளையாக இருக்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். எல்லாத் தலைகளும் குனிந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயம். காலனிப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பயம்.

பிப்ரவரி 13
யாருமில்லை. பிரம்பை எடுத்து யாராவது ஒரு பிள்ளையை இழுத்துவரலாமா என்று தோன்றியது. சீ, நானுமா?

பிப்ரவரி 16
ஒன்பதாவது படிக்கிற யாமினி வந்து நின்றாள். கன்னத்தில் விரல் விரலாய்த் தடிப்பு.
"நான் எழுதுறேன், மிஸ். அப்பாகிட்ட சொல்லிட்டேன்."
"இன்னாடி சொன்னாரு?"
கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பிப்ரவரி 17
கணக்குத் தேர்வு. தனி அறையில் அவன் சொன்னான், அவள் எழுதினாள். ஒரு கேள்வியையும் விடவில்லையாம்.

கேட்டைத் தாண்டியதும் வைத்தியலிங்கம் யாமினியின் சடையைப் பிடித்து இழுத்தார். நான் ஓடுவதற்குள், தன் தேர்வை முடித்துவிட்டு வந்த அன்புராஜ் அவர் மணிக்கட்டைப் பற்றினான். "வுடுப்பா." அறைந்தார். அவன் பிடியை விடவில்லை. மறுபடி அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி வெள்ளைச் சட்டையெல்லாம் ஆனது. விடவேயில்லை. கடைசியில் அவர்தான் சடையை விட்டார்.

பிரிட்டோ சார் கேட்டுக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யாமினி கலைந்த சடையை முடிந்துகொண்டே கேட்டாள்: "சயின்சுக்கும் நான்தானே, மிஸ்?"