எடுத்துக்கொடுக்கக் கூடாத வரி

கேம்பர்வெல், லண்டன்
5 மார்ச் 1973

அன்புள்ள பெரிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ, கீத், பிள்ளைகள் எல்லோரும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டு நிம்மதி. அடிலெய்டில் இன்னும் வெயில் கொளுத்துகிறது என்கிறாய். இங்கே மழையும் குளிரும் நேற்று மீந்த ஆட்டிறைச்சியும்தான். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு அதை மடித்துத் தள்ளி வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பாவின் டெலிவிஷன் தொடரை அங்கேயும் காட்டுகிறார்கள், தெருவே உட்கார்ந்து பார்க்கிறது, பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு கேட்பதற்குக்கூடத் தாத்தா மாதிரியே கையை ஆட்டி, "அதான்பா... அந்த இது..." என்று திணறிக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குள் இப்படி ஒரு நகைச்சுவை நடிகர் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார் என்று கேட்டிருந்தாய். எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, பெரில். அது நடிப்பே இல்லை. உன் அப்பாவுக்கு வசனம் மறந்துபோகிறது.

அவர் எப்படிப்பட்ட நடிகர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், வயிற்றெரிச்சல் சொல்லச் சொல்கிறது. ராச்டேலில் நாங்கள் இருந்த நாடகக் கம்பெனியில் திங்கள்தோறும் புது நாடகம். மேடையில் ஒன்றை நடித்துக்கொண்டே அடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும். நான் பக்கப் படுதா ஓரத்தில் முக்காலி போட்டு, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வரியை விட்டால் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். கதாநாயகன் விடுவான், கதாநாயகி விடுவாள். செட்ரிக் ஆர்மராட் மட்டும் விட்டதே இல்லை. எனக்கு வேலையே வைக்காத மனிதரைத்தான் கட்டிக்கொண்டேன்.

பிறகு சினிமா. போலீஸ்காரர், பாதிரியார், சவப்பெட்டி செய்பவர், நீதிபதி, ஆற்றில் மிதக்கும் பிணம். கதாநாயகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டே பாதி ஆயுள் போய்விட்டது. பத்திரிகை விமரிசனத்தின் கடைசியில், 'மற்றவர்களும் குறைவில்லாமல் செய்திருந்தார்கள்' என்று வருமே, அந்த மற்றவர்கள்தான் உன் அப்பா. பஸ்ஸில் எல்லோருக்கும் முகம் தெரியும், பெயர் தெரியாது. ஒரு அம்மாள், "நீங்க கேஸ் ஆபீஸ்ல இருந்தவர்தானே?" என்று கேட்டபோது, அவள் மனம் நோகக் கூடாது என்று ஆமாம் என்றவர் அவர். அவள் வீட்டு அடுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது அதே பஸ்ஸில் கண்டக்டர், "என்ன தாத்தா, எங்க போகணும்? அதான்பா, அந்த இதுவா?" என்கிறான். பஸ்ஸே சிரிக்கிறது. இவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைக்கிறார். எனக்கு அந்தக் கண்டக்டரின் டிக்கெட் மெஷினைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் அவருக்கு வரிகள் தெரிகின்றன. சமையலறையில் நான் மற்ற எல்லாருடைய வசனத்தையும் படிக்க, அவர் தன்னுடையதைச் சொல்வார். அங்கங்கே நிற்பார், முதல் சொல்லைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான் வேண்டும் அவருக்கு. அந்த ஒரு சொல்லைக் கொடுக்க அத்தனை பெரிய டெலிவிஷன் கம்பெனியில் ஆள் இல்லையா என்பதுதான் என் கேள்வி. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போகிறார்களாம். போடுவதற்குள் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன். ஊர் சிரிக்கும் பொருளாக இவரை விட்டுவைக்க மாட்டேன். பிள்ளைகளிடம் நீ இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த விளையாட்டை மட்டும் எப்படியாவது நிறுத்திவிடு.

உங்கள் எல்லோருக்கும் கடவுள் துணையிருக்கட்டும்.

உன் அம்மா


கேம்பர்வெல்
21 மார்ச் 1973

அன்புள்ள பெரிலுக்கு,

என் கடிதம் கிடைக்கும் முன்பே நீ போட்ட அடுத்த கடிதமும் பிள்ளைகளின் புகைப்படமும் நேற்றுக் காலை வந்து சேர்ந்தன. சின்னவனுக்குப் பல் விழுந்த இடம் பார்க்க அழகாக இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

பகலிலேயே ஸ்டூடியோவுக்குப் போய்விட்டேன். உள்ளே எல்லோரும் எல்லோருக்கும் டார்லிங். பெயரை நினைவு வைத்துக்கொள்ளச் சோம்பல், அதற்கு அன்பு என்று ஒரு சாயம். வறுத்த மீன் கடையை அட்டையால் கட்டி வைத்திருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் உன் அப்பாவின் நாற்காலி. கடைக்காரனின் மாமனார் வேஷம், வாராவாரம் அங்கேயே உட்கார்ந்து மருமகனைக் குத்திப் பேச வேண்டும். பிரதியைக் கையில் வைத்திருந்த பெண்ணைத் தேடிப் பிடித்தேன். லின் என்று பெயர், இருபது வயது இருந்தால் அதிகம். நானும் இந்த வேலையைத்தான் பார்த்தவள் என்று அறிமுகம் செய்துகொண்டு, என் வீட்டுக்காரருக்கு முதல் சொல் மட்டும் போதும், கொஞ்சம் பார்த்துக்கொள் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தேநீர்க் கோப்பையைக் கொடுக்கும் சாக்கில் என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அவருக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு, மிசஸ் ஆர்மராட். மத்தவங்களுக்குக் கொடுக்கலாம். அவர் திணறினா கேமராவ இன்னும் கிட்டக் கொண்டுபோவாங்க. நான் வாயத் தொறந்தா என்னை அனுப்பிடுவாங்க."

அது மட்டுமில்லை. வாரமெல்லாம் ஒத்திகையில் அவர் உருப்போட்ட வரிகளைப் படப்பதிவு நடக்கும் ஞாயிறு காலையில் வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்கிறார்களாம். நன்றாகத் திணற வேண்டுமே.

ராச்டேலில் எங்கள் கம்பெனியில் ஒருவரை ஒருவர் கண்ணில் கண்டால் ஆகாதவர்கள் இருந்தார்கள். ஒருத்தன் பெண்டாட்டியை இன்னொருத்தன் இழுத்துக்கொண்டு ஓடிய கதையெல்லாம் உண்டு. ஆனால் மேடையில் வரி தெரியாமல் நிற்பவனுக்கு வரியைக் கொடுத்துவிட்டுத்தான் படுதாவுக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் பிடிப்பார்கள். அந்த மரியாதை குடிகாரனுக்குக்கூட இருந்தது. இவர்கள் சோப்புப் போட்டுக் குளித்து, வாசனை பூசிக்கொண்டு வந்து செய்கிறார்கள் இதை. சீ.

நேரே இயக்குநரிடம் போனேன். ஜெரமி டெண்ட் என்று ஒரு வாலிபன், வெல்வெட் கோட்டு. உங்கள் உத்தரவைக் கேள்விப்பட்டேன், என் வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாதவர், அவரை வைத்து விளையாடாதீர்கள் என்றேன். கூச்சமே இல்லாமல் என் தோளில் கை போட்டான்.

"அது மறதி இல்ல டார்லிங், அது தங்கச் சுரங்கம். அவர் திணறுற அந்த நிமிஷத்துக்காகத்தான் நாடே உக்காந்திருக்கு."

அந்தக் கையைத் தட்டிவிட்டுவிட்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கக் கோடு போட்ட கோட்டுக்காரன் ஒருவன். என் பக்கத்தில் பஸ் வைத்து வந்த ஒரு கூட்டம், வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். உன் அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

மருமகன் மீனைப் பொரித்துத் தட்டில் வைத்ததும் அவர் சொல்ல வேண்டிய வரியை லின்னின் பிரதியில் பார்த்து வைத்திருந்தேன்: "உங்க மாமியார் உசிரோட இருந்திருந்தா இதப் பூனைக்குத்தான் போட்டிருப்பா." அவர் கையை நீட்டினார். நின்றுவிட்டார். எனக்கு அந்த முகம் தெரியும். வீட்டில் செருப்பை எங்கே விட்டோம் என்று தேடும் முகம். "அது... அதான்..." என்றார். கூட்டம் ஓவென்று சிரித்தது. பக்கத்துப் பெண் என் தொடையில் தட்டிச் சிரித்தாள். கேமரா அவர் மூக்குவரை போயிற்று. லின் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நான் எழுந்து சொல்லிவிட்டேன். கத்தவில்லை. படுதா ஓரத்திலிருந்து நாங்கள் எப்படிச் சொல்வோமோ அப்படி, ஏற்ற இறக்கம் இல்லாமல், தெளிவாக: "உங்க மாமியார்."

அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்தார், வரியைச் சொன்னார். எத்தனை அழகாகச் சொன்னார் தெரியுமா, பெரில். செத்துப்போன மனைவிமேல் உள்ள ஆசையும் மருமகன்மேல் உள்ள எரிச்சலும் சேர்ந்து வந்தன. நாற்பது வருஷத் தொழில் அந்த ஒரு வரியில் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. வேர்க்கடலை உடைக்கும் சத்தம்தான் கேட்டது.

பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த மாடி அறையிலிருந்து ஜெரமி இறங்கி வந்தான். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று பொதுவாகச் சொல்வது போல என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி எடுக்கலாம் என்றான். மறுபடி மீன் வந்தது. உன் அப்பா கையை நீட்டினார், நிறுத்தினார், "அது... அதான்பா... அந்த இது..." என்றார். ஸ்டூடியோவே இடிந்துவிழும் அளவுக்குச் சிரிப்பு. என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தத் தடவை அவர் மறக்கவில்லை. மறந்தது போல நடித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த வசனத்தைச் சரியான இடத்தில் எடுத்துக்கொண்டார். அப்போது எனக்கு வந்த அருவருப்பு ஜெரமியின் மேல் வந்ததைவிடப் பெரிது. யார்மேல் என்று எழுதக் கை வரவில்லை.

இருவருமாக வீடு வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமை காலை டீ போட்டு வைத்தபோது அவராகவே ஆரம்பித்தார். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, ஏதோ மழையைப் பற்றிப் பேசுவது போல.

"அவங்க என்ன செய்றாங்கன்னு எனக்குக் கிறிஸ்துமஸ்லேர்ந்தே தெரியும், வின்னி."

தெரிந்தும் ஏன் போகிறீர்கள், உங்களுக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டேன். பெரிய வார்த்தைதான், கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எல்லா வரியையும் சரியாச் சொன்னேன், ஒருத்தனும் பேரு கேக்கல. அது போகட்டும். இப்ப நிஜமா மறந்தாலும் சிரிக்கிறாங்க, மறந்த மாதிரி நடிச்சாலும் சிரிக்கிறாங்க. எது எதுன்னு அவங்களுக்குத் தெரியாத வரைக்கும் நான் நடிகன். தெரிஞ்சிட்டா வெறும் நோயாளி. நீ அங்க வந்து காட்டிக் கொடுக்காத."

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது, சொல். வீட்டில் உட்காரவைத்து ஆட்டிறைச்சி போடலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த டெலிவிஷன் பெட்டியை ஞாயிற்றுக்கிழமையே துணி போட்டு மூடிவிட்டேன். அவர் போகட்டும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்தச் சத்தம் என் வீட்டுக்குள் வர வேண்டாம்.

இனி நேற்று நடந்தது. உன் கடிதத்தை அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார், புகைப்படத்தைப் பார்த்தார், பையன் கெட்டிக்காரனாகத் தெரிகிறான் என்றார். பிறகு கடைசிப் பக்கத்தைக் காட்டி, "நல்லா எழுதிருக்கா. யாரு இந்தப் பெரில்?" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடுகிறார், இப்போது சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னிடமிருந்து பதிலுக்குக் காத்திருந்தார்.

"நம்ம பொண்ணு" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். "ஆமாமா, நம்ம பெரில்" என்று, நீ சின்ன வயதில் உடுப்புப் பெட்டிக்குள் தூங்கிப்போன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல் தவறவில்லை.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள். வர முடிந்தால் இந்தக் கோடையிலேயே வா, அடுத்த கோடை என்று வைக்காதே. அதுவரை அவருக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு. தொடரைப் பற்றி எழுதாதே. மேலே 'அன்புள்ள அப்பா' என்று பெரிதாக எழுது. கீழே பெயரோடு நிறுத்திவிடாதே, கண்ணே. 'உங்கள் மகள்' என்று சேர்த்து எழுது.

உன் அம்மா