டூட்டி குரூப்பில் போன என் குரல்

புதன், இரவு.

வாட்ஸ்அப் ரூம் குரூப்பில் போட வேண்டிய வாய்ஸ் மெசேஜை இன்று காலை டூட்டி குரூப்பில் போட்டுத் தொலைத்தேன். அமைதிப் பேச்சு முறிந்ததற்கு யார் காரணம் என்று ரூம்மேட் முருகேசனோடு நேற்றிலிருந்து வாக்குவாதம். "நெலத்த விடாம புடிச்சிக்கிட்டு இருக்கிறது இஸ்ரேல்காரன்தான்டா" என்பான் அவன். "கையெழுத்துப் போடாம எழுந்து போனது பாலஸ்தீனக்காரங்கதான்" என்று அந்த மெசேஜில் கத்தியிருந்தேன்.

வளைகுடாவில் நாங்கள் வேலை பார்க்கும் வேர்ஹவுஸின் சூப்பர்வைசர் அபு சமீர் பாலஸ்தீனக்காரர்.

உடனே அழித்தேன். அழித்த அடையாளம் மட்டும் என் பெயரோடு அங்கேயே நிற்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. குரூப்பில் இருக்கும் மலையாளி டிரைவருக்குத் தெரியும்.

சாயங்காலம் கேம்ப் பஸ் கிளம்பும்போது அபு சமீர் ஜன்னலருகே வந்து, காலையில் என்ன அனுப்பினாய் என்று இந்தியில் கேட்டார்.

"லீவு விஷயம், சார்." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அச்சா. நாளைக்கு ஃபார்ம் கொண்டு வா. நான் கையெழுத்துப் போடுறேன்."

'நான்' என்பதை அழுத்திச் சொன்னாரா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா? முருகேசனிடம் கேட்டேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஃபார்ம் மடியில் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டேன். போகும் தேதியும் எழுதிவிட்டேன். திரும்பி வரும் தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது; அவர் திரும்பி வர விடுவாரா என்று தெரியாமல் அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.