சித்தப்பா நாலு கிலோ கூடியிருக்கிறான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன்.

அம்மா போனில் போட்டுக் கொடுப்பதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி பக்கத்துக் கூடத்தில் இலவசச் சாப்பாடு போடுகிறார்கள், போன வாரம் உன் சித்தப்பாவுக்காக வரிசையில் இடம் பிடித்து நின்றேன். பரிமாறுகிற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம், பெரியவருக்கு இன்னொரு கரண்டி போடுங்க, சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ" என்றாள். நான் போட்டிருந்தது நீ அனுப்பிய சட்டை. மறுக்க மனம் வராமல் உட்கார்ந்து சாப்பிட்டும் விட்டேன். பின்னால் வந்த சித்தப்பா, "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு இப்பதான் சரியான ஸ்டாப் கிடைச்சிருக்கு" என்று சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

ஆமாம், அவன் கிடைத்துவிட்டான், கொஞ்சம் தேறட்டும் என்றுதான் இத்தனை நாள் உனக்குச் சொல்லவில்லை. எச்.ஐ.வி. என்று தெரிந்த பிறகு வீட்டை விட்டுப் போனவனை, ஐந்து மாதத்துக்கு முன் பழைய பார்சல் ஆபீஸ் தாழ்வாரத்தில் எலும்பும் தோலுமாகப் பார்த்தேன். பை நிறைய மாத்திரை டப்பா, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பிரிக்காமலே இருந்தது. நான் வழக்கம்போல அவசரப்பட்டு, "சும்மா குடுக்கிற மருந்தை முழுங்க உனக்கு என்னடா கேடு" என்று கத்தினேன். மறுநாளிலிருந்து காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், எதிரில் நின்று விழுங்க வைத்தேன், அதை அம்மாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். மூன்றாம் நாள் என் செருப்பிலேயே வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "வெறும் வயித்துல போட்டா குடலைப் புரட்டுதுண்ணே, நான் கடைசியா சாப்பிட்டது முந்தாநாள் மத்தியானம்" என்றான். சாப்பாடு ஆச்சா என்று நர்ஸ் கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்வானாம், இல்லை என்று எத்தனை தடவை சொல்வது என்று என்னையே கேட்டான். மூன்று நாளும் சாப்பிட்டாயா என்ற அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை, என் மண்டையின் லட்சணம் உனக்குத் தெரிந்ததுதானே.

நர்ஸிடம் உண்மையைச் சொன்னோம், அவர்தான் இந்தக் கூடத்தைக் காட்டினார். மத்தியானச் சாப்பாடும் மாடியில் ஒரு கட்டிலும் அங்கே, காலைக்கு அம்மா கட்டித் தருகிற டப்பா. நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதாம், எடையும் நாலு கிலோ கூடியிருக்கிறதாம். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன், முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ வேலை மும்முரத்தில் மத்தியானம் பட்டினி கிடக்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசி, நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுது, நோயைப் பற்றி வேண்டாம், சும்மா எழுது.

நேற்று அம்மா அவனை இனிமேல் வீட்டிலேயே சாப்பிடக் கூப்பிட்டாள். அவன், "வர்றேன் அண்ணி, நோய் தெரிஞ்சப்ப எனக்குத் தட்டு டம்ளரைத் தனியா ஒதுக்கி வச்சீங்களே, அதுல எனக்குக் கோபம் இல்ல, யாரா இருந்தாலும் பயம் வரத்தானே செய்யும்" என்றான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனுக்கு நம் தட்டிலேயே சோறு போட்டாள். ஒதுக்கி வைத்தது நான்தான்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன், குழம்பு ஊற்றச் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அப்பா